இமை ஓரத்து அழற்சி: தினமும் பத்து நிமிடம் போதும்



கண்புரை அறுவைக்காக வெளியூரிலிருந்து பஸ் ஏறி வரும் முதியவர்களில் சிலரிடம், "இன்று ஆபரேஷன் வேண்டாம். முதலில் இமையைச் சரிசெய்துகொண்டு வாருங்கள்" என்று டாக்டர் சொல்வதுண்டு. துணைக்கு ஆள் தேடி, ஒரு நாள் கூலியை இழந்து வந்தவருக்கு இது பெரிய ஏமாற்றம். "புரை கண்ணுக்குள்ளே இருக்கிறது. இமையில் கொஞ்சம் பீளை இருந்தால் என்ன?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலை நாமும் தெரிந்துகொள்வோம்.

இது என்ன நோய்?

இமை முடிகளுக்குச் சற்று உட்புறமாக, வரிசையாக நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள் திறக்கின்றன. 1666-ல் இவற்றை விவரித்த ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிக் மெய்போமின் பெயரால் இவை மெய்போமியன் சுரப்பிகள் எனப்படுகின்றன. இவற்றின் எண்ணெய் கண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் பரவி, கண்ணீர் சீக்கிரம் வற்றிவிடாமல் காக்கிறது. இந்த எண்ணெய் கெட்டியாகி அடைத்துக்கொண்டாலோ, இமை ஓரத்தில் கிருமிகள் பெருகினாலோ, தலைப்பொடுகு இமைக்கும் பரவினாலோ அங்கே அழற்சி உண்டாகிறது. இமை முடியின் வேரில் வாழும் டெமோடெக்ஸ் என்னும் நுண்ணிய உண்ணியும் ஒரு காரணம். மருத்துவர்கள் இதை பிளெஃபரைட்டிஸ் என்பார்கள்.

அடையாளங்கள்

காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். ஓரம் சிவந்து அரிக்கும். முடியின் அடியில் பொடுகு போன்ற செதில் காணப்படும். கண்ணில் மணல் விழுந்தது போல் உறுத்தும். கண் கட்டி அடிக்கடி வரும். இது பொதுவாக மற்றவருக்குத் தொற்றுவதில்லை. ஆகவே வீட்டில் யாரையும் ஒதுக்கி வைக்கத் தேவையில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது

1. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

2. சுத்தமான துணியைப் பொறுக்கக்கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். ஆற ஆற மீண்டும் நனைத்துக்கொள்ளுங்கள். உறைந்த எண்ணெய் இளகும்.

3. பின்பு விரல் நுனியால் மேல் இமையைக் கீழ்நோக்கியும், கீழ் இமையை மேல்நோக்கியும் மெதுவாக நீவுங்கள்.

4. கொதிக்கவைத்து ஆறிய நீரில் சில துளி பேபி ஷாம்பு கலந்து, பஞ்சில் தொட்டு, முடியின் அடிப்பகுதியைத் துடையுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு வேண்டும்.

முதலில் தினம் இரண்டு வேளை செய்யுங்கள். குணம் தெரிந்தபின் ஒரு வேளை போதும். ஆனால் நிறுத்திவிடக்கூடாது. இது பல் துலக்குவது போன்ற பழக்கம். விட்டால் நோய் திரும்பும். அழற்சி தணியும்வரை மையும் கண் அலங்காரமும் வேண்டாம்.

செய்யக்கூடாதது

விளக்கெண்ணெய், தாய்ப்பால், பச்சிலைச் சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். அதைவிட ஆபத்தானது, மருந்துக் கடையில் தாமாகவே வாங்கிப் போடும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து. இரண்டே நாளில் சிவப்பு மறைவதால், "நல்ல மருந்து" என்று பலர் மாதக்கணக்கில் தொடர்கிறார்கள். அது கண்ணின் உள்ளழுத்தத்தை உயர்த்தி, வலியில்லாமலே பார்வை நரம்பை அழிக்கக்கூடும். அப்படி இழந்த பார்வை திரும்பி வராது. கண்புரையையும் அது உண்டாக்கும். ஆகவே எந்த மருந்தானாலும் டாக்டர் சொன்ன நாட்களுக்கு மட்டுமே போட வேண்டும்.

பார்வை மங்கினாலும், கடும் வலி இருந்தாலும், வெளிச்சம் பார்க்கக் கூசினாலும் உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். ஒரே இமையில் கட்டி திரும்பத் திரும்ப வந்து, அங்கே முடியும் உதிர்ந்தால் தாமதிக்க வேண்டாம். அபூர்வமாக அது புற்றுநோயாகவும் இருக்கலாம்.

ஆபரேஷன் ஏன் தள்ளிப்போகிறது?

கண்புரை அறுவைக்குப்பின் கண்ணுக்குள் சீழ் பிடிப்பது அரிது. பிடித்தால் பார்வையே போய்விடக்கூடும். அந்தக் கிருமிகள் பெரும்பாலும் நோயாளியின் சொந்த இமையிலிருந்தே வருகின்றன. அறுவைக்கு முன் அயோடின் கரைசலால் கழுவுவதும் இதற்காகவே. இமையில் அழற்சி அதிகமாக இருக்கும்போது மருத்துவர் காத்திருக்கச் சொல்வது அந்த ஆபத்தைக் குறைப்பதற்காகத்தான்.

உங்கள் வீட்டிலோ சபையிலோ ஒரு முதியவர் புரை அறுவைக்குக் காத்திருந்தால், அவர் இமையைப் பாருங்கள். சிவந்திருந்தால் அறுவை நாளுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் காட்டச் செய்யுங்கள். கை நடுங்குகிறவருக்கு நீங்களே வெந்நீர்த் துணியைப் பிழிந்து கொடுங்கள். அந்தப் பத்து நிமிடம் அவருக்கு ஒரு வீண் பயணத்தை மிச்சமாக்கும். ஒரு கண்ணைக் காப்பாற்றவும் கூடும்.