ஓட்டுரிமைப் பாடத்தை எப்படிப் படிக்கலாம்?



சமூக அறிவியலில் தேர்தல் பாடம் வந்தால் நாம் என்ன செய்வோம்? 1919, 1935, 1950 என்று ஆண்டுகளை வரிசையாக மனப்பாடம் பண்ணுவோம். 'பொருத்துக' கேள்விக்கு அது போதும். ஆனால் அந்த ஆண்டில் யாருக்கு ஓட்டு கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேட்டால் முழிப்போம்.

இந்த வருஷம் எங்கள் டீச்சர் வேறு மாதிரி படிக்க வைத்தார்கள். ஒரு பத்தியைக் கொடுத்து, "ஆண்டை அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல நாலு கேள்வி கேளுங்க" என்றார்கள். யார் கொடுத்தது? யாருக்குக் கொடுத்தது? என்ன நிபந்தனை? யாரைப் பற்றி இந்தப் பத்தி பேசவே இல்லை? இதில் நாலாவதுதான் கஷ்டம். எழுதாததைத் தேடணும் இல்லையா! தறி ஓடும்போது பாவில் ஒரு இழை அறுந்தால் பழகாத கண்ணுக்குத் தெரியாது. நெய்து முடித்துச் சேலையை விரித்தால் கோடு கோடாகத் தெரியும். நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இது சொல்லாமலே புரியும்.

முதலில் உத்திரமேரூரைப் பார்ப்போம். பக்கத்து மாவட்டம்தான், காஞ்சிபுரம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஏறக்குறைய 920-ம் ஆண்டில், அங்கே கோயில் சுவரில் குடவோலை முறையைக் கல்வெட்டாக வெட்டி வைத்தார்கள். ஊரில் 30 குடும்புகள் (வார்டு மாதிரி). ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். 'அக்காலத்திலேயே தேர்தல் நடந்தது' என்று நாம் பெருமையாக எழுதுவோம். பெருமைதான். கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய சொந்தக்காரர்கூட நிற்க முடியாது என்று எழுதி வைத்திருக்கிறார்களே!

இப்போது நாலு கேள்வியையும் கேளுங்கள். குடத்தில் கை விட்டு எடுப்பது ஓட்டா, சீட்டுக் குலுக்கலா? குலுக்கல். யார் பெயர் ஓலையில் வரும்? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். அப்படியானால் நெசவு நெய்கிறவர் பெயர் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. எங்கள் வீட்டில் யார் பெயரும் போயிருக்காது. எங்கள் வகுப்பில் கணக்குப் போட்டுப் பார்த்தோம், ஒருத்தர் பெயர்கூடத் தேறவில்லை. கல்வெட்டு பொய் சொல்லவில்லை, எல்லா நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது. நாம்தான் முதல் வரியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அடுத்தது சென்னை மாகாணம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும், ஏனென்றால் இதில்தான் சொற்கள் நம்மை ஏமாற்றும்.

1919-ம் ஆண்டுச் சட்டப்படி 1920-ல் சென்னை மாகாணத்தில் தேர்தல் நடந்தது. மாகாணத்தில் சுமார் 4 கோடிப் பேர் இருந்தார்கள். ஓட்டு இருந்தது 12 லட்சத்துக்குச் சற்று அதிகமானவர்களுக்கு. அதாவது நூறு பேர் நிற்கிற இடத்தில் மூணு பேருக்கு. நிலமோ வரியோ இருந்தால்தான் ஓட்டு. பெண்களுக்கு இல்லவே இல்லை.

பெண்கள் அதற்கு முன்பே கேட்டிருக்கிறார்கள். 1917 டிசம்பரில் இந்தியாவுக்கான மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று அவரைப் பார்த்துப் பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று கேட்டது. ஆனால் 1919 சட்டம் பெண்களுக்கு ஓட்டுக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு மாகாணச் சட்டசபையும் விரும்பினால் தடையை நீக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். 1921-ல் சென்னைச் சட்டசபை தீர்மானம் போட்டுத் தடையை நீக்கியது. ஆங்கிலேயர் ஆண்ட மாகாணங்களில் இதுதான் முதல்.

இதைப் புத்தகங்களில் '1921-ல் சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை' என்று ஒரே வரியில் போடுவார்கள். சரியான வரிதான். ஆனால் எந்தப் பெண்களுக்கு? ஆணுக்கு இருந்த அதே சொத்து நிபந்தனை பெண்ணுக்கும் உண்டு. அந்தக் காலத்தில் தன் பெயரில் நிலமும் வீடும் வைத்திருந்த பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? வீட்டில் தார் சுற்றிக்கொண்டு இருந்தவர்களுக்கு அந்த வரியில் இடம் இல்லை. 1935 சட்டம் கூட்டத்தைப் பெரிதாக்கியது. கணவருக்குச் சொத்துத் தகுதி இருந்தால் மனைவிக்கும் ஓட்டு, எழுதப் படிக்கத் தெரிந்தாலும் ஓட்டு என்று சில வழிகள் வந்தன. அப்போதும் எல்லாருக்கும் இல்லை.

இன்னொரு சொல்லையும் கவனிக்கணும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பற்றிப் படிக்கும்போது 'நியமிக்கப்பட்டார்' என்று வரும். 1926-ல் அவரைச் சென்னைச் சட்டசபைக்கு நியமித்தார்கள், 1927-ல் துணைத் தலைவர் ஆனார். நியமிப்பது வேறு, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது வேறு. அதே 1926-ல் கமலாதேவி சட்டோபாத்யாய் இதே சென்னை மாகாணத்தில் தேர்தலில் நின்று கொஞ்ச ஓட்டில் தோற்றுப்போனார். தோற்றவர் பெயர் பரீட்சைக்கு வராது. எனக்கென்னவோ அவரையும் ஒரு கேள்வியில் கேட்கலாம் என்று தோன்றுகிறது.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன்.

1950 ஜனவரி 26-ல் அரசியலமைப்புச் சட்டம் வந்தது. 326-ம் பிரிவுப்படி நிலம் வேண்டாம், வரி வேண்டாம், படிப்பு வேண்டாம். 21 வயது ஆனால் ஓட்டு. முதல் பொதுத்தேர்தல் 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடந்தது. வாக்காளர்கள் 17 கோடிக்கு மேல். அவர்களில் நிறையப் பேருக்குப் படிக்கத் தெரியாது. அதனால்தான் சின்னம் வந்தது. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி, பெட்டி மேல் சின்னம். பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டால் ஓட்டு.

அந்தத் தேர்தலை நடத்தியவர் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். பட்டியல் எடுத்தபோது வட மாநிலங்களில் ஒரு சிக்கல் வந்தது. நிறையப் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா என்றுதான் பட்டியலில் ஏறியிருந்தது. சொந்தப் பெயர் இல்லாமல் பட்டியலில் இருக்க முடியாது என்று முடிவு செய்தார்கள். கடைசிவரை பெயர் கிடைக்காத சுமார் 28 லட்சம் பெண்கள் நீக்கப்பட்டார்கள். சட்டத்தில் ஓட்டு இருந்தது, பட்டியலில் பெயர் இல்லை.

இந்தப் பத்தியை எங்கள் ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். 'பெயரைச் சொல்லவில்லை' என்ற இடத்தில் ஆயா நிறுத்தச் சொன்னாங்க. "அவளை யாரு கேட்டா? எழுத வர்றவங்க திண்ணையில இருக்கிற ஆம்பளைங்களைத்தானே கேப்பாங்க. எங்க அம்மா பேரு தெருவுல பாதிப் பேருக்குத் தெரியாது, தறிக்காரர் சம்சாரம்னாதான் தெரியும்" என்றாங்க. டீச்சர் சொன்ன நாலாவது கேள்வியை, பள்ளிக்கூடமே போகாத எங்க ஆயா கேட்டுட்டாங்க! அந்த வரியை எழுதியது பட்டியல் எடுத்தவர்கள் பக்கம். நீக்கப்பட்ட பெண்கள் பக்கத்திலிருந்து எழுதினால் அதே வரி 'பெயர் கேட்கப்படவில்லை' என்றுகூட இருந்திருக்கலாம். இதை டீச்சரிடம் சொன்னேன், கரும்பலகையில் இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போட்டார்கள்.

ஆயாவும் இன்று வரை தாத்தா பெயரை வாயால் சொன்னதில்லை. எந்த விண்ணப்பத்திலும் 'கணவர் பெயர்' என்ற இடம் வந்தால் என் பக்கம் பேனாவைத் தள்ளிவிடுவாங்க. ஆனால் தன் பெயரைத் தானே எழுதுவாங்க, அது மட்டும் எழுதத் தெரியும். வாக்காளர் அட்டையில் அந்தப் பெயர் சரியாக இருக்கிறதா என்று என்னைப் படிக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டாங்க. சரியாகத்தான் இருக்கிறது.

ஆயா முதல் ஓட்டுப் போட்டது 21 வயதுக்கு மேல். 61-வது சட்டத் திருத்தத்தால் 1989-ல்தான் அது 18 ஆனது. இப்போது 17 வயது முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பம் கொடுக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நாலு மாதத்தின் முதல் தேதிகளை வைத்து வயதைக் கணக்குப் பார்க்கிறார்கள். வீட்டில் அண்ணன், அக்கா இருந்தால் சொல்லுங்கள், படிவம் 6.

இந்தத் தாளின் அடியில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். உங்கள் பாட்டி, பூட்டியை ஊரில் எப்படிக் கூப்பிடுவார்கள், அவர்கள் சொந்தப் பெயர் என்ன, இரண்டையும் பென்சிலால் எழுதுங்கள். முதல் வரியில் எங்கள் ஆயாவின் அம்மா பெயரை எழுதிவிட்டேன்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி, முள்ளிப்பட்டு