அயல் வீட்டுச் சாவி



ஒரு பள்ளி நூலகத்தின் கணக்கைக் கணிப்பொறியில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். மாணவியருக்கு ஓர் அட்டவணை, நூல்களுக்கு ஒன்று, யார் எதை எடுத்துச் சென்றார் என்னும் இரவலுக்கு ஒன்று. இரவல் அட்டவணையில் மாணவியின் பெயரையும் வகுப்பையும் மீண்டும் மீண்டும் எழுத வேண்டியதில்லை. சேர்க்கை எண் போதும். ஒரே வகுப்பில் மூன்று மேரிகள் இருந்தாலும் எண் வேறுதானே!

இவ்வாறு செய்திகளைத் தனித்தனி அட்டவணைகளாக்கிப் பொது எண்ணால் இணைக்கும் முறையை 1970ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்பவர் ஒரு கட்டுரையில் விளக்கினார். மாணவியர் அட்டவணையில் சேர்க்கை எண் 'முதன்மைச் சாவி' எனப்படும். அதே எண் இரவல் அட்டவணைக்கு வந்தால் 'அயற்சாவி'. அயல் வீட்டுச் சாவி என்று நான் நினைவில் வைத்திருக்கிறேன்.

இதனால் என்ன பயன்? இல்லாத சேர்க்கை எண்ணைத் தவறுதலாகத் தட்டினால் கணிப்பொறி ஏற்காது. பள்ளியை விட்டுச் செல்லும் மாணவியின் பெயரை நீக்க முயன்றாலும், இரவலில் அவள் எண் ஒரு வரியிலாவது இருந்தால் மறுத்துவிடும். பெயரோடு இரவல் வரிகளும் தாமாக அழியும்படிச் செய்யவும் வழியுண்டு. ஆனால் அது நூலகத்திற்கு ஆகாது! அவள் திருப்பித் தராத நூலை யாரிடம் போய்க் கேட்பது?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அவள் எண் இரவலில் இருக்கிறதா என்று கணிப்பொறி எப்படி அறியும்? தேதிவாரியாக 10,000 வரிகள் இருந்தால், இல்லை என்று சொல்ல அத்தனையையும் படித்தாக வேண்டும். புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, அதைப் போல எண்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எங்கே உள்ளது என்று குறித்து வைப்பதே 'இண்டெக்ஸ்'. வரிசையாக இருந்தால் நடுவில் பார்த்துப் பாதியை ஒதுக்கலாம், மீண்டும் பாதி. 10,000 வரிகளுக்கு 14 முறை பார்த்தால் முடிந்தது!

முதன்மைச் சாவிக்கு இண்டெக்ஸ் தானாகவே அமைந்துவிடும். அயற்சாவிக்கும் அப்படியே என்று எண்ணிவிடாதீர்கள். மைஎஸ்க்யூஎல் மென்பொருளின் இன்னோடிபி அதைத் தானே அமைத்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் அமைக்காது, நாம்தான் 'கிரியேட் இண்டெக்ஸ்' என்று கட்டளையிட வேண்டும். மறந்தாலும் பிழை என்று எதுவும் திரையில் வராது. முதல் ஆண்டில் வரிகள் குறைவு, தெரியாது. ஆண்டுகள் செல்லச் செல்ல, ஒரு பெயரை நீக்கவே காத்திருக்க நேரிடும்.

அதற்காக எல்லாப் பத்திகளுக்கும் இண்டெக்ஸ் போட்டுவிடலாமா? கூடாது. புதிய இரவல் ஒன்றை எழுதும்போதெல்லாம் ஒவ்வொரு இண்டெக்ஸிலும் அதற்குரிய இடத்தில் எழுதியாக வேண்டும். சேர்க்கை எண்ணுக்கு ஒன்று, நூல் எண்ணுக்கு ஒன்று. நம் நூலகத்திற்கு இவ்விரண்டும் போதும்.