பத்திரிகையில் வந்த மூன்று ஜன்னல்கள்!

அண்ணன் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்தோம். புரூஃப் வாட்ஸ்அப்பில் வந்ததும் பெரியப்பாவிடம்தான் முதலில் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தவர், “என்னடா இது, வருஷம் போட்ட இடத்துல ஜன்னல் ஜன்னலா இருக்கு?” என்றார்.

உண்மைதான். ௵, ௴, ௳ இருக்கவேண்டிய மூன்று இடங்களிலும் வெறும் கட்டங்கள். கடைக்குப் போன் செய்தால், “அந்த சிம்பலெல்லாம் கம்ப்யூட்டர்ல வராது சார். வருடம், மாதம்னு எழுத்துல போட்டுடலாம்” என்றார்கள். பெரியப்பா ஒப்புக்கொள்ளவில்லை. “எங்கப்பா கல்யாணப் பத்திரிகையிலேயே இருந்துச்சு. இந்தப் பொண்ணு கல்யாணத்துல மட்டும் ஏன் வராது?”

அன்று ராத்திரி நானே உட்கார்ந்தேன். வராது என்பதெல்லாம் சும்மா. யூனிகோடில் இந்தக் குறிகள் 2003-லேயே சேர்ந்துவிட்டன. கீபோர்டில் அவற்றுக்கென்று தனிக் கட்டை இல்லை, அவ்வளவுதான். அதற்குப் பதில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் வேர்டைத் திறந்துகொள்ளுங்கள். கீபோர்டு இங்கிலீஷில் இருக்கட்டும். நம்லாக்கை ஆன் செய்து, ஆல்ட் கட்டையை அழுத்திப் பிடித்தபடியே வலது பக்க எண் பலகையில் 3061 அடித்துவிட்டுக் கையை எடுங்கள். ௵ வந்து நிற்கும். 3060 அடித்தால் மாதத்துக்கான ௴, 3059 என்றால் நாளுக்கான ௳. மேல் வரிசையில் இருக்கும் எண்களை அடித்தால் வராது. நான் கால் மணி நேரம் அதைத்தான் தட்டிக்கொண்டிருந்தேன்!

அப்படியும் கட்டம் வந்தால், கோளாறு ஃபான்ட்டில். அந்த எழுத்துருவில் இந்தக் குறியையே வரைந்திருக்க மாட்டார்கள். நிர்மலா யூஐ எழுத்துருவுக்கு மாற்றிப் பாருங்கள். பழைய டிடிபி ஃபான்ட்டுகள் யூனிகோடே கிடையாது. அவற்றில் அடித்ததை வேறு கம்ப்யூட்டருக்கு அனுப்பினால் உருமாறித்தான் போகும். புரூஃபை பிடிஎஃப் ஆக வாங்கிப் பார்ப்பது நல்லது.

பத்திரிகைக்குத் தேவைப்பட்ட இன்னும் சிலவும் இதே வழியில் கிடைத்தன. முகூர்த்தம் ‘9 – 10.30’ என்று போட, நடுவில் வரும் சற்று நீளமான கோட்டுக்கு ஆல்ட்டுடன் 0150. அதைவிட நீளக் கோடு 0151. வளைந்த மேற்கோள் குறி திறக்க 0147, மூட 0148. முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விட்டுவிடாதீர்கள். விட்டால் சம்பந்தமில்லாத ஏதோ எழுத்து வந்து உட்காரும். சமையல்காரருக்குக் கொடுக்கும் சாமான் லிஸ்ட்டில் ½ போட 0189, ¼ போட 0188. நம் ஊர் உதயகுமார் வடிவமைத்து, 2010-ல் அரசு ஏற்றுக்கொண்ட ₹ குறிக்கு வேர்டில் 8377.

எண் பலகை இல்லாத லேப்டாப்பா? விண்டோஸ் கட்டையுடன் முற்றுப்புள்ளியை அழுத்துங்கள். எமோஜிப் பெட்டி திறக்கும். அதிலேயே சிம்பல்களுக்கும் ஒரு பகுதி இருக்கிறது. கோடு, மேற்கோள், ₹ எல்லாம் அங்கே கிடைக்கும். போனில் இன்னும் சுலபம். சிறு கோட்டின் மேல் விரலை அழுத்தி வைத்தால் நீளக் கோடுகள் எட்டிப்பார்க்கும். ௵ மாதிரியானவற்றை மட்டும் எங்கிருந்தாவது காப்பி செய்து ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். இந்தப் பக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

மறுநாள் நான் அனுப்பிய ஃபைலை வைத்தே கடைக்காரர் 500 பத்திரிகையும் அடித்துக் கொடுத்தார். பெரியப்பா ஒன்றைக் கையில் வாங்கி, முதல் வரியை விரலால் தடவிப் பார்த்தார்.

“மொய் நோட்டையும் இதுலயே அடிக்கப் போறியா?”

“ஆமா பெரியப்பா.”

“அப்ப ரூபாய்க்குப் பழைய குறியையே போடு.”

போட்டுவிட்டேன். ௹. அதற்கு 3065.