கச்சானில் வாங்கி, வாடையில் விற்று...

இறக்கக்கண்டியில் பொன் வியாபாரத்தைக் கடல்தான் நடத்துகின்றது என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். கச்சான் காலத்தில் மீன் படும். தோடு வாங்க என் பட்டறைக்கு வருவார்கள். வாடை பிறந்து கடல் குமுறினால் அதே தோடுகள் என் தராசுக்குத் திரும்பி வரும்.

22 கரட் பவுண் ஒன்று 8 கிராம். அதில் சுத்தப் பொன் 7.33 கிராம். அதன் விலை உலகச் சந்தைக்கும் டொலருக்கும் உரியது. 2022ஆம் ஆண்டில் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியபோது, நான் தொடாமலே பெட்டியிலிருந்த நகைகளின் விலை ஏறிற்று. என் கைக்குரியது செய்கூலி ஒன்றே. சேதாரத்தைக் குறைத்தே எழுதுவேன்; அரத்தூளும் பட்டறைக் குப்பையும் மீண்டும் பொன்னாவதை அறியாத பத்தர் உண்டோ?

சிக்கல் சிறு நகையில்தான். இரண்டு கிராம் தோட்டுக்கு இரண்டு நாள் வேலை. கனத்த வளையலுக்கும் ஏறக்குறைய அவ்வளவே. ஆகவே, பொன் குறைந்தவர்களே கூலியை அதிகம் சுமக்கின்றனர். உருக்கும்போதோ கூலி காற்றோடு போய்விடும். இதனால் எடை வேறு, கூலி வேறாகச் சிட்டை எழுதுகிறேன்.

சென்ற வாடையில் ஒரு பெண் அச்சிட்டையை நீட்டி, "பத்தரே, பொன்னுக்குக் காசு தாறீங்க, ரெண்டு நாள் வேலைக்கு?" என்றாள். பொன் விலைக்கே வாங்கினேன், ஆனால் உருக்கவில்லை. கச்சான் பிறந்ததும் அதே விலைக்கு அவள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குள் டொலர் எங்கே நிற்குமோ!