அத்தையின் கதைப்பெட்டி ஊமையான கதை!

சாயந்திரம் நாலு மணி அடித்துவிட்டால் எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடக்கூடாது, குக்கர் விசில் அடிக்கக்கூடாது. அது அத்தையின் நேரம். அத்தை என்றால் என் மாமியார், வயது 76. நீரழுத்த நோய், அதாவது கிளாக்கோமா, வலியே காட்டாமல் வந்து பக்கப் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. நாங்கள் சுதாரித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது, வெளிச்சமா இருட்டா என்று தெரிகிற அளவுக்குத்தான் மிச்சம் இருந்தது. இந்த நோயில் போன பார்வை திரும்பாதாம். இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து. (நாற்பது தாண்டிய சகோதரிகளே, கண் டாக்டரிடம் போனால் கண்ணாடிக்கு மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இதை எழுதாமல் மேலே போக எனக்கு மனசு வரவில்லை.)

ஒரு நாளைக்கு ஒரு நாவல் படித்துத் தள்ளிய மனுஷி அத்தை. கண் போனபின் திண்ணைத் தூணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் என் பெரியவன், பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது, காலேஜில் வைத்திருந்த லாப்டாப்பை அப்பத்தாவுக்கென்று விட்டுப்போனான். பழைய வானொலி நாடகங்கள், கதாகாலட்சேபம், நாவல் வாசிப்பு எல்லாம் கேட்கிற மாதிரி ஓர் இணையதளம். மூடியைத் திறந்தால் கதை தானாக ஓட வேண்டும் என்று அவன் எவ்வளவோ முயன்றான், முடியவில்லை. 2018-லிருந்தே குரோமில் ஒரு சட்டமாம். ஆள் தொட்டு அழுத்தாமல் பொதுவாக ஒரு பக்கம் தானாகச் சத்தம் போடக்கூடாது. திறந்த மாத்திரத்தில் விளம்பரம் அலறுகிறதே, அதற்குப் போட்ட கடிவாளம். நல்ல சட்டம்தான். ஆனால் கண் தெரியாதவர் எங்கே போய் அழுத்துவார்?

அதற்கு ஓர் உபாயம் செய்தேன். என் கல் பொட்டு ஒன்றை எடுத்து 'என்டர்' பொத்தான்மேல் ஒட்டினேன். விரலுக்குச் சட்டென்று தட்டுப்படும். பக்கத்தைத் திறந்து 'பிளே' மேல் நிறுத்திவைப்பது என் வேலை, பொட்டைத் தொட்டு அழுத்துவது அத்தையின் வேலை. இரண்டு வருஷம் பிரமாதமாக ஓடிற்று.

போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு ரேஷன் கடைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் லாப்டாப் மூடியிருக்கிறது. "தலைவலி தாயி, இன்னைக்குக் கதை வேணாம்" என்றார். புதனும் தலைவலி. வியாழன் "தூக்கம் வருது". வெள்ளிக்கிழமை சாப்பாட்டுத் தட்டில் பாதி அப்படியே இருந்தது. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நான் என்னத்தையோ தப்பா அமுக்கிட்டேன் தாயி. அன்னைக்கே அது பேசலை. தம்பி ஆசையா வச்சிட்டுப் போன சாமானை நாசமாக்கிட்டேன். அவன்கிட்ட சொல்லிடாதே."

எனக்குச் சுருக்கென்றது. நாலு நாளாக இதை மனசில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்!

அன்றைக்கே ஒரு கை பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். நான் பத்தாவதோடு நின்றவள். கம்ப்யூட்டர் எனக்கு அசல் நாட்டு சமாசாரம். ஆனால் மிக்ஸி ஓடாவிட்டால் என்ன செய்வோம்? முதலில் பிளக், அப்புறம் சுவிட்ச், அப்புறம்தானே மெக்கானிக்? அதே வழியில் போனேன். லாப்டாப்பின் சத்தம் குறைந்திருக்கிறதா? இல்லை. மேலே பக்கத்தின் பெயர் தெரிகிற தாவலில் ஒலிபெருக்கிப் படத்தின்மேல் கோடு விழுந்திருக்கிறதா? (தெரியாமல் கை பட்டு அந்தப் பக்கத்தை மட்டும் வாய்மூட வைத்திருப்போம்.) அதுவும் இல்லை. வேறொரு தளத்தில் ஒரு பாட்டைப் போட்டேன், கணீரென்று பாடிற்று. ஆக ஸ்பீக்கரில் குறையில்லை, நெட்டில் குறையில்லை. கதைப் பக்கத்தில் மட்டும் பிளே பொத்தானை எத்தனை தரம் அழுத்தினாலும் கல்லுப்பிள்ளையார்தான்.

அத்தை வேண்டாம் என்றாலும் மகனுக்குப் போன் போட்டேன். அவன் சிரித்தான். "அப்பத்தா அமுக்கி எதுவும் கெடாதும்மா. அது ஸ்கிரிப்ட் எரரா இருக்கும்" என்றான்.

அவன் விளக்கினதை என் பாஷையில் சொல்கிறேன். நாம் பார்க்கிற இணையப் பக்கம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. எழுத்து ஓரிடம், படம் ஓரிடம், ஒலி ஓரிடம், அதை ஓட்டுகிற பிளேயர் இன்னோர் இடம். இவற்றையெல்லாம் வேலை வாங்குகிற கட்டளைகள்தான் ஸ்கிரிப்ட். ஜாவாஸ்கிரிப்ட் என்கிற அந்தக் கட்டளை மொழியை 1995-இல் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் முதல் வடிவம் செய்து கொடுத்தாராம். (பத்து நாளில் எனக்கு ஒரு ரவிக்கை தைத்துத் தர நம்மூர் தையல்காரரால் முடியவில்லை!) இந்தக் கட்டளைகள் வரிசையாக ஓடிவரும்போது நடுவில் ஒன்று தடுக்கி விழுந்தால், அதற்குக் கீழே உள்ளவை ஓடாமலே நின்றுவிடும். பிளே பொத்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அதை அழுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிற வரி அந்த நின்றுபோன பகுதியில் மாட்டியிருக்கும். சுவரில் காலிங்பெல் சுவிட்ச் இருக்கிறது, உள்ளே வயர் இழுக்கவில்லை. அவ்வளவுதான்.

"எஃப் 12 அமுக்கும்மா" என்றான். அமுக்கினேன். திரையின் ஒரு பக்கம் பிளந்துகொண்டு ஏதேதோ ஆங்கில எழுத்துக்கள். பகீரென்றது. "பாக்கறதுனால எதுவும் உடையாது. மேலே 'கன்சோல்'னு இருக்கும், அதைத் தொடு. இப்போ பக்கத்தைத் திரும்ப ஏத்து." ஏற்றினேன். சிவப்பு சிவப்பாக ஏழு வரி!

"ஏழு தப்பாடா?" என்றேன்.

"இல்லம்மா. ஒரு தப்பு, ஆறு புலம்பல். எல்லாத்துக்கும் மேலே இருக்கிற வரியைப் படி."

எழுத்துக் கூட்டினேன். கடைசியில் 'பிளாக்ட் பை கிளையன்ட்' என்று இருந்தது. அதற்கடுத்த வரியில் ஏதோ ஒரு பெயர், பக்கத்தில் 'ஈஸ் நாட் டிஃபைன்ட்'. இந்த இரண்டாவது வரியைக் கல்யாண வீட்டுச் சமையல்காரர் குரலாக நினைத்துக்கொள்ளுங்கள். "எவனய்யா அந்தத் தேங்காய் துருவறவன்? அப்படி ஓர் ஆளே இங்கே இல்லையே!" என்று கத்துகிறார். ஆள் ஏன் வரவில்லை? அதற்குப் பதில் முதல் வரியில். 'கிளையன்ட்' என்றால் நம் கம்ப்யூட்டர்தான். வந்த ஆளை வாசலிலேயே நிறுத்தியது வேறு யாருமில்லை, நம் வீட்டுக் கூர்க்கா!

"புதுசா எதையாவது போட்டியாம்மா?" என்று கேட்டான். எனக்கு முகம் தொங்கிப்போயிற்று. கதை நடுவில் விளம்பரம் வந்து கழுத்தறுக்கிறதே என்று, என் நாத்தனார் மகள் சொன்னாளென்று, விளம்பரத்தைத் தடுக்கும் ஒரு நீட்சியை பத்து நாளைக்கு முன்னால் நானேதான் போட்டேன். அத்தையின் விரல் ஒரு பாவமும் அறியாது, கெடுத்தவள் நான்!

"போட்டப்புறமும் ஒழுங்கா ஓடிச்சே?" என்று வக்கீல் மாதிரி வாதாடிப் பார்த்தேன். அந்தக் கூர்க்கா கையில் ஒரு பட்டியல் இருக்குமாம், இன்னின்னாரை உள்ளே விடாதே என்று. அந்தப் பட்டியல் நமக்குத் தெரியாமலே அவ்வப்போது புதுப்பித்துக்கொள்ளும். அப்படி ஒரு தரம் புதுப்பித்தபோது பிளேயர் பெயரும் அதில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கச் சிவப்பு எழுத்தே படிக்காமல் ஒரு சுலப வழியும் சொன்னான். கன்ட்ரோல், ஷிப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் குரோமில் கறுப்பாக ஒரு ஜன்னல் திறக்கும். 'இன்காக்னிட்டோ' என்று பெயர். நாமாக அனுமதி கொடுத்திருந்தால் ஒழிய அதற்குள் நீட்சிகள் வேலை செய்யாது, பழைய சேமிப்பும் வராது. அங்கே பாட்டு ஓடினால், குற்றவாளி நம் வீட்டுக்குள்தான். அங்கேயும் ஓடாவிட்டால் அந்தத் தளத்திலேயே கோளாறு இருக்கலாம், அவர்களாகச் சரிசெய்யும்வரை காத்திருக்கலாம். சில சமயம் நீட்சி காரணமாக இருக்காது, பழைய சேமிப்பு காரணமாக இருக்கும். தளத்துக்காரர் பக்கத்தை மாற்றியிருப்பார், நம் கம்ப்யூட்டரோ போன மாதத்து ஸ்கிரிப்டை எடுத்து வைத்துக்கொண்டு மல்லுக்கட்டும். கன்ட்ரோல், ஷிப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பழையதை ஒதுக்கிவிட்டுப் புதிதாக வாங்கிவரும்.

சிவப்பு எழுத்தில் ஒரு சூட்சுமம். சிவப்பாக இருப்பதெல்லாம் குற்றமில்லை. நன்றாக ஓடுகிற பக்கத்திலும் இரண்டு வரி சிவப்பு இருக்கும். பிளேயை அழுத்தும்போது புதிதாக முளைக்கிற வரி எது என்று பாருங்கள், விஷயம் அங்கே இருக்கும். இன்னொன்று, அந்தக் கன்சோலில் படிக்க மட்டும்தான் வேண்டும். முகம் தெரியாத யாராவது "இதை ஒட்டி என்டர் தட்டுங்க, சரியாயிடும்" என்று எதையாவது அனுப்பினால் ஒட்டவே ஒட்டாதீர்கள். நம் கணக்குச் சாவியையே அவர்கள் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இதைவிடப் பெரிய கண்டம் ஒன்றிலிருந்து மயிரிழையில் தப்பினேன். மகனுக்குப் போன் போடுவதற்கு முன்னால் நானாகத் தேடினபோது ஒரு பக்கம், "ஒலி கேட்க ஃபிளாஷ் பிளேயரைப் புதுப்பிக்கவும்" என்று பெரிய பச்சைப் பொத்தான் காட்டிற்று. கை போய்விட்டது! பால்காரர் மணி அடித்ததால் எழுந்துபோனேன். அந்தப் புண்ணியவான் காப்பாற்றினார். ஃபிளாஷ் பிளேயரை அதைச் செய்த அடோபி கம்பெனியே 2020 டிசம்பர் 31-உடன் கைவிட்டாயிற்று. 2021 ஜனவரி 12 முதல் அதில் எதுவும் ஓடாதபடி அடைத்தும்விட்டார்கள். ஆகையால் இன்றைக்கு யாராவது "ஃபிளாஷ் போடுங்க" என்றால், ஒன்று பல வருஷமாகத் தூசி தட்டாத பக்கம், இல்லாவிட்டால் திருட்டுக் கும்பல்.

இந்தக் கதையை எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லப்போக, "எங்க வீட்டுப் பெட்டியையும் வந்து பாரேன்" என்று கூட்டிக்கொண்டு போனார். நான் என்னவோ டாக்டர் மாதிரி எஃப் 12 தட்டினேன்! அங்கே 'அன்எக்ஸ்பெக்டட் டோக்கன்' என்று வந்தது. பல வருஷமாகப் புதுப்பிக்காத பிரவுசர்; ஸ்கிரிப்டில் இப்போது எழுதுகிற புது இலக்கணம் அதற்குப் புரியவில்லை. என் அத்தையிடம் கல்லூரிப் பெண்கள் பேசுகிற தமிழைப் பேசினால் "என்ன பாஷை தாயி இது?" என்பாரே, அந்த மாதிரி. பிரவுசரைப் புதுப்பித்ததும் பஜனைப் பாட்டு ஓடிற்று. ஆனால் அந்தப் பெட்டியில் இன்னொரு வினோதமும் இருந்தது. தினம் அணைத்துப் போட்டால் மறுநாள் தேதி எத்தனையோ வருஷம் பின்னால் போய்விடுகிறது. பல தளங்கள் திறக்கவே மறுத்தன. ஒவ்வொரு தளத்துக்கும் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை செல்லும் என்று ஒரு சான்றிதழ் உண்டு. பெட்டியின் தேதி தப்பாக இருந்தால் அந்தச் சான்றிதழ் செல்லாதது போலத் தோன்றிவிடும். உள்ளே காசு மாதிரி வட்டமாக ஒரு பேட்டரி, 2032 என்று எண் போட்டிருக்கும், அது செத்துப்போயிருந்தது. அக்கா வீட்டுக்காரர் புது கம்ப்யூட்டர் வாங்கலாமா என்று விலை விசாரித்துக்கொண்டிருந்தார், பாவம்!

எங்கள் வீட்டுக்கு வருகிறேன். நீட்சியை முழுக்க எடுக்கவில்லை. அதன் படத்தைத் தொட்டு, இந்தத் தளத்தில் மட்டும் சும்மா இரு என்று நிறுத்தினேன். பக்கத்தைத் திரும்ப ஏற்றினேன். அத்தையைக் கூப்பிட்டு உட்காரவைத்து, விரலைப் பிடித்துப் பொட்டின்மேல் வைத்தேன். "வேணாம் தாயி, நீயே அமுக்கு" என்று கையை இழுத்துக்கொண்டார். "தப்புப் பண்ணினது நான், அத்தே. நீங்க அமுக்குங்க" என்றேன். அமுக்கினார். செவ்வாய்க்கிழமை கேட்க வேண்டிய நாடகம் ஆரம்பித்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பார்வை போனாலும் கண்ணீர் போவதில்லை.

விளம்பரங்களும் திரும்பி வந்துவிட்டன. எனக்குத்தான் எரிச்சல். அத்தையோ அதையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார். நேற்று இரவு குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "ஏன் தாயி, அந்த மசால்பொடி ஒண்ணு வாங்கினா ஒண்ணு இனாமாமே. நாம ஏன் இன்னும் அரைச்சுக்கிட்டிருக்கோம்?"