பூக்கல் கற்பிக்கும் பாடம்

பள்ளிகளில் ஓவிய வகுப்பு பெரும்பாலும் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்கப்படும் நேரமாகவே இருக்கிறது. கலையைப் பொழுதுபோக்காகக் கருதுவதே இதற்குக் காரணம். அக்கருத்துக்கு மறுப்பாகக் காரைக்குடி வட்டாரத்தின் ஆத்தங்குடிப் பூக்கல்லையே நான் காட்டுவேன்.

கண்ணாடித் தகட்டின் மீது உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணச் சிமென்ட் குழம்பை ஊற்றுகின்றனர். அச்சை எடுத்தபின் உலர்ந்த மணல், சிமென்ட் கலவையைத் தூவி, ஈரக் கலவையால் நிரப்பிச் சமன்செய்கின்றனர். சூளை இல்லை. நீரில் ஊறி உலர்ந்த கல்லின் முகத்தில் கண்ணாடியின் வழவழப்பே பளபளப்பாகப் படிகிறது.

நான்கு கற்கள் சேர்ந்து ஒரு பூவாகும் வடிவங்களில் சமச்சீர்மை இருக்கிறது; கலவையில் விகிதம் இருக்கிறது; காத்திருப்பில் பொறுமை இருக்கிறது. சிமென்ட் குழந்தைகளின் தோலுக்கு ஆகாது. அட்டை அச்சும் வண்ணக் காகிதமும் போதும். பனையோலைக் கொட்டான் முடைவது எண்ணிக்கையை விரல்களுக்கே கற்றுத்தரும்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடைபெறும் கலைத் திருவிழா வரவேற்கத்தக்கது. ஆனால், திருவிழா என்பது அறுவடை. உழவு வகுப்பறையில் நடக்க வேண்டும். ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கென 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டபோது, அவர்களுக்கு விதிக்கப்பட்ட பணிநேரம் வாரத்துக்கு மூன்று அரை நாள்களே. அந்நேரத்தில் எதை உழுவது?

ஓவிய வகுப்பை வேறு பாடத்துக்குத் தரக் கூடாது. உள்ளூர்க் கைவினைஞர்களை உரிய மதிப்பூதியத்துடன் பள்ளிக்கு அழைக்க வேண்டும். மாளிகைத் தரைகளைக் காண உலகமே செட்டிநாட்டுக்கு வருகிறது. அத்தரையை உருவாக்கும் கலை, இங்குள்ள பிள்ளைகளுக்கு அந்நியமாகிவிடக் கூடாது.