பட்டாணிப் பேத்தைக்கு ஒரு துணை

கண்ணாடித் தொட்டியில் ஒற்றை மீன் உலாவுவதைக் காண நம்மவர் மனம் பொறுப்பதில்லை. "ஐயோ பாவம், துணைக்கு ஒன்றுமில்லையே!" என்று பாட்டிமார் பரிதவிக்கிறார்கள். குழந்தைகள் இன்னொன்று வேண்டுமென்று அடம் பிடிக்கிறார்கள். மறுநாள் மாலை, ஜலம் நிரப்பிய பையில் ஒரு தோழன் வீடு வந்து சேருகிறான். சாதுவான மீன்கள் விஷயத்தில் இந்தப் பரிவினால் பெரிய கெடுதல் ஒன்றும் நேருவதில்லை. பேத்தை மீன் விஷயத்திலோ, வந்த தோழன் இரண்டொரு நாளில் வால் கிழிந்து மூலையில் ஒதுங்கிக் கிடப்பதைப் பல வீடுகளில் காணலாம்.

பேத்தை என்றவுடன், மீனவர் வலையில் அகப்பட்டுப் பந்துபோல் உப்பிக் கிடக்கும் கடல் மீனே நேயர்கள் நினைவுக்கு வரும். அந்தக் குலத்தில் பிறந்து, நன்னீரிலேயே வாழ்ந்து, ஓர் அங்குலத்துக்குச் சற்று முன்பின்னாக வளர்ந்து நின்றுவிடுகிற ஒரு குள்ள இனம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கிக் கேரளத்திலும் தென் கன்னடத்திலும் பாயும் ஆறுகளே அதன் தாயகம். 1941-ஆம் ஆண்டில் ஸுந்தர்லால் ஹோரா, கே. கே. நாயர் என்னும் நம் நாட்டு அறிஞர் இருவர் பம்பை நதியில் கிடைத்த மீன்களைக் கொண்டு இதனை விவரித்து, திருவிதாங்கூரின் பெயரையே இதற்குச் சூட்டினார்கள். திருவிதாங்கூர் ராஜ்யம் மறைந்துவிட்டது. மீனின் சாஸ்திரப் பெயரில் மட்டும் அது இன்னும் நீந்திக்கொண்டிருக்கிறது. உலகமெங்கும் மீன் வளர்ப்போர் இதைப் பட்டாணிக்கு ஒப்பிட்டு அழைக்கிறார்கள். ஆகவே நாமும் பட்டாணிப் பேத்தை என்றே சொல்லுவோம்.

உருவத்தைப் பார்த்து ஏமாறலாகாது. இதன் வாயில் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு பற்தகடுகள் கிளி மூக்கைப்போல் அமைந்திருக்கின்றன. நத்தை ஓட்டை நொறுக்குவதற்கென்றே ஏற்பட்டவை அவை. வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டேயிருக்கும். கண்களோ ஒன்று கிழக்கே நோக்கினால் மற்றொன்று மேற்கே நோக்கும். இத்தகைய ஆயுதமும் காவலும் படைத்த பிராணி தன் எல்லைக்குள் அயலாரைச் சகிக்குமா? ஆற்றிலே தோற்றவன் ஒரு கோரைப் புதரைத் தாண்டினால் தப்பித்துக்கொள்வான். தொட்டியிலே எந்தப் பக்கம் ஓடினாலும் கண்ணாடிதான் எதிர்ப்படும். வென்றவன் கண்ணுக்கு, எதிரி இன்னும் எல்லைக்குள்ளேயே நிற்கிறான். எனவே துரத்தல் ஓய்வதில்லை. இதைக் கொடுமை என்று நாம் கருதவில்லை. இடமில்லாத இடத்தில் இருவரை அடைத்து வைத்ததன் பலன் இது.

முதலில், துணை வேண்டுமா என்பதையே யோசிக்க வேண்டும். தனிமை என்பது நம்முடைய துயரம். அதைப் பேத்தையின் தலையில் ஏற்றுவதற்கில்லை. 20 லிட்டர்த் தொட்டியில், செடிகளுக்கிடையே நத்தையைத் தேடிக்கொண்டு ஒரு மீன் தனித்து வாழ்வதில் குறையொன்றும் இல்லை. இன்னொன்று வேண்டியேதீரும் என்றால் தொட்டி 40 லிட்டருக்குக் குறையலாகாது. 60 லிட்டராயின் சிலாக்கியம். ஆணும் ஆணும் ஒன்று சேர்ந்தால் கலகம் நிச்சயம். வளர்ந்த ஆணுக்கு வயிற்றின் அடியில் கருங்கோடும், கண்ணுக்குப் பின்னே சுருக்கம்போன்ற வரிகளும் காணப்படும். பெண் சற்று உருண்டிருக்கும். குஞ்சுகளில் இந்த அடையாளங்கள் தெரியமாட்டா. கடைக்காரர் ஜோடி என்று கொடுப்பதை அப்படியே நம்புவது அவரவர் துணிச்சலைப் பொறுத்தது. ஓர் ஆணுக்கு ஒரே பெண் என்றால் அவள் ஓயாமல் துரத்தப்படுவாள். இரண்டு மூன்று பெண்கள் இருந்தால் துன்பம் பங்கிடப்பட்டுவிடும்.

புது மீனை நேரே தொட்டியில் விடலாகாது. ஆற்றில் பிடிபட்டு வரும் மீன்களுக்குக் குடற்புழு இருப்பது சகஜம். தின்றும் வயிறு ஒட்டியே இருப்பது அதன் அறிகுறி. மூன்று நான்கு வாரம் வேறு பாத்திரத்தில் வைத்துப் பார்ப்பது இரு தரப்புக்கும் நல்லது. வலையால் ஆகாயத்தில் தூக்கினால் பயத்தில் காற்றை விழுங்கி உப்பிவிடும். பிறகு அந்தக் காற்றை வெளியேற்றத் திண்டாடும். ஆகையால் கிண்ணத்தில் ஜலத்தோடு மொண்டு மாற்றுவதே முறை.

இனி, முக்கியமான உபாயத்துக்கு வருவோம். பழைய மீன் தொட்டியின் ஒவ்வொரு கல்லையும் செடியையும் தன் எல்லைக்கு அடையாளமாக வைத்திருக்கிறது. அந்த அடையாளங்களை அழித்துவிட வேண்டும். பழையவனைச் சிறிது நேரம் வெளியே எடுத்து வைத்துவிட்டு, கற்களை இடம் மாற்றி, செடிகளை அடர்த்தியாக நட்டு, ஒரு மூலையிலிருந்து மறு மூலை தெரியாதபடி மறைவுகள் அமைக்கவேண்டும். முதலில் புதியவனை விட்டு, அவன் சுற்றிப் பார்த்துக்கொண்ட பிறகு, இருவருக்கும் வயிறு நிறையக் கொசுப்புழு கொடுத்து, விளக்கை அணைத்துவிட்டுப் பழையவனை விடுவது நலம். இருவருக்கும் ஊர் புதிது என்றால், யார் வீட்டுக்கு யார் வந்தார் என்ற வழக்கே எழாது. துளையிட்ட தடுப்பு ஒன்றை நடுவே நிறுத்தி ஒரு வாரம் பிரித்து வைப்பதும் உண்டு. அடியோடு சுபாவம் மாறாவிட்டாலும் முதல் ஆவேசம் தணியும்.

பிறகு வேலை நம்முடைய கண்களுக்குத்தான். சற்றுத் துரத்தி நின்றுவிட்டால் கவலையில்லை. துடுப்பில் கிழிசல், நிறம் கறுத்தல், உணவு வேளையிலும் செடிக்குப் பின்னே பதுங்குதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே பிரித்துவிட வேண்டும். "நாளடைவில் பழகிவிடும்" என்று காத்திருந்த வீடுகளில்தான் அநேகமாகப் பிணம் மிதந்திருக்கிறது.

இவ்வளவு கண்டிப்பு ஒரு விரல்நுனி மீனுக்காகவா என்று சிலர் நகைக்கலாம். கடைகளுக்கு வரும் பட்டாணிப் பேத்தைகளில் பெரும் பகுதி காட்டு ஆறுகளில் பிடிக்கப்பட்டவையே. 2011-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தன் சிவப்புப் பட்டியலில் அபாயத்துக்கு உட்பட்ட இனங்களோடு இதனைச் சேர்த்தது. நம் தொட்டியில் வீணே மடியும் ஒவ்வொன்றுக்கும் ஈடாக இன்னொன்று ஆற்றிலிருந்துதான் வரவேண்டும்.

பிரித்து வைத்த மீனுக்கு வீட்டில் இடமில்லை என்று அருகிலுள்ள குளத்திலோ கிணற்றிலோ விட்டுவிடுவாரும் உண்டு. அது வேண்டாம். அதற்கு அந்நியமான அந்த நீரில் மீன் பிழைப்பது அரிது. பிழைத்தாலோ, அதனுடன் சென்ற நோயும் அங்கே பரவக்கூடும். வாங்கின கடையிலேயே திரும்ப ஒப்படைக்கலாம். அல்லது காலித் தொட்டி வைத்திருக்கும் ஒரு சிநேகிதரைப் பிடிக்கலாம்.